மலையடிவார மனுக்கள்

1930களின் பிற்பகுதியில் திருவண்ணாமலை மலைமீது ஒரு வழக்கு நடந்தது. ஒரு பக்கம் அருணாசலேசுவரர் தேவஸ்தானம், மறுபக்கம் அன்றைய சென்னை மாகாண அரசு. மலை யாருக்குச் சொந்தம் என்பது கேள்வி. தேவஸ்தானத்துக்காகச் சாட்சி சொன்னவர்களில் ரமண மகரிஷியும் ஒருவர். அவர் ஊரைவிட்டு எங்கும் போவதில்லை என்பதால் கமிஷன் ஆசிரமத்துக்கே வந்து வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போனது. மலையே சிவ வடிவம் என்று புராணத்தை ஆதாரம் காட்டி அவர் சொன்னார். கோவணம் மட்டுமே உடைமையாக இருந்த மனிதர், சொத்து வழக்கில் சாட்சி!

அந்தக் கேள்விக்கு நடைமுறையில் கிடைத்திருக்கும் பதில் விசித்திரமானது. மலையின் உடம்பு காப்புக்காடு, எனவே வனத்துறையிடம். அடிவாரத்தைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுஞ்சாலைத் துறையிடம். பாதையோர அஷ்ட லிங்கங்களும் பெரிய கோயிலும் அறநிலையத் துறையிடம். மலைநீர் வந்து சேரும் ஏரிகளில் சில நீர்வளத் துறையிடம், சில ஊராட்சி ஒன்றியத்திடம். அடிவாரப் புறம்போக்கு வருவாய்த் துறையிடம். அதன்மேல் எழும்பிய வீடுகளுக்கு வரி போடுவது உள்ளாட்சி. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பது நகர் ஊரமைப்பு இயக்ககம். பக்தருக்கு ஒரே மலை. கோப்புகளில் ஏழெட்டு மலை. வீட்டுக்கு எதிரே ஓடையை மூடிக் கட்டடம் எழும்புவதைப் பார்க்கிற ஒருவர் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்தால், அது இந்த ஏழெட்டு மேசைகளில் ஒன்றுக்குப் போய், 'எங்கள் எல்லைக்குள் வரவில்லை' என்ற பதிலோடு அவரிடமே திரும்பிவரும்.

திருவண்ணாமலையில் கடந்த கால் நூற்றாண்டில் குடியிருப்போரும் பக்தர்களும் நடத்திய எதிர்ப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரிகிறது. ஊர் பல திட்டங்களை நிறுத்தியிருக்கிறது. அப்படி நிறுத்திய இடம் அநேகமாக எப்போதும் நீதிமன்றம். ஊரின் சொந்த மன்றத்தில் ஒன்றுகூட நின்றதாகச் சொல்ல முடியவில்லை. நின்றவை எல்லாம் பெரிய, பெயருள்ள திட்டங்கள். ஊரை உண்மையில் மாற்றியவை பெயரில்லாத சிறிய அனுமதிகள். அவற்றை எதிர்த்து யாரும் வழக்குப் போடவில்லை, போடவும் முடியாது. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

1886இல் நகராட்சியான ஊர் இது. 1989இல் மாவட்டத் தலைநகராயிற்று. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ 1.45 லட்சம். 39 வார்டுகள். 2024இல் மாநகராட்சி. இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் நடுத்தரமான ஒரு தமிழ்நாட்டு நகரம்தான். ஆனால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஊரின் மக்கள்தொகையைப் பல மடங்கு தாண்டிய கூட்டம் வந்து போகிறது. கார்த்திகை தீபத்தன்று அது பல லட்சம். கிரிவலம் தொன்மையான வழக்கம்தான் என்றாலும், மாதந்தோறும் லட்சக்கணக்கில் நடக்கும் திருவிழாவாக அது மாறியது பெரும்பாலும் 1990களுக்குப் பிறகு. முதலில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து சிறப்புப் பேருந்துகள் வந்தன. அண்மை ஆண்டுகளில் ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து வருகிற கூட்டத்தால் கடைப்பலகைகளில் தெலுங்கு ஏறிவிட்டது. ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைப் பக்கம் வெளிநாட்டவரும் வடநாட்டவரும் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். விடுதி, ஹோம்ஸ்டே, சர்வீஸ் அப்பார்ட்மென்ட், மலை தெரியும் மனை என்று அடிவாரம் முழுக்க விலை பேசப்படுகிறது. 'மலை தெரியும்' என்பதற்குத் தனி விலை. மூன்று மாடி எழுப்பினால் பின்னால் இருப்பவருக்கு மலை தெரியாது. எனவே அவர் நான்கு எழுப்புகிறார்.

இந்த ஊரின் போராட்டக் கதையில் எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருவது, பாதுகாப்பை எதிர்த்து நடந்த போராட்டம். 2002இல் இந்தியத் தொல்லியல் துறை அருணாசலேசுவரர் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னமாக அறிவித்தது. சுமார் 25 ஏக்கர் வளாகம், 217 அடி ராஜகோபுரம், சோழர், ஹொய்சளர், விஜயநகரக் கல்வெட்டுகள் எல்லாம் உள்ள கோயிலுக்கு அந்தத் தகுதி இல்லையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஊர் கொதித்தது. கோயில் தொல்லியல் துறையின் கைக்குப் போனால் திருவிழா என்னாகும், தீபம் என்னாகும், அன்றாடப் பூசைக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பயம் அவ்வளவு உரக்கப் பேசப்படவில்லை. மத்திய அரசின் 1992 அறிவிக்கையின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. திருவண்ணாமலையில் அந்த 300 மீட்டருக்குள்தான் மாடவீதிகள், சந்துகள், தேரடி வீதிக் கடைகள், தலைமுறை தலைமுறையாக வாழ்கிற வீடுகள். ஒரு சுவர் இடிந்தால் திரும்பக் கட்ட டில்லியின் அனுமதி வேண்டியிருக்கும்.

எதிர்ப்பும் வழக்கும் உச்ச நீதிமன்றம்வரை போய், கடைசியில் கோயில் அறநிலையத் துறையிடமே திரும்பியது. ஊருக்கு வெற்றி. அந்த வெற்றியில் பக்தியும் வணிகமும் வீட்டுக்காரனின் நியாயமான பயமும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. பாதுகாப்பு என்ற சொல் வெளியிலிருந்து, ஊரைக் கேட்காமல் வந்தால் அதுவும் இன்னொரு ஆக்கிரமிப்பாகவே படும் என்பதை அன்று டில்லி தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. 100 மீட்டர், 200 மீட்டர் என்ற கோடு அழிந்தபோது அதற்குப் பதிலாக ஊர் தானாக ஒரு கோடு போட்டுக்கொள்ளவில்லை. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்று 1997இல் அரசாணை உண்டு. அங்கே அதை மீறியவர்கள் ஏராளம். மீறலை எதிர்த்த வழக்குகளும் ஏராளம். இருந்தாலும் மீறல் என்று சொல்ல அங்கே ஒரு அளவுகோல் இருக்கிறது.

2016இல் நடந்தது வேறு மாதிரி. கிரிவலப் பாதையை அகலப்படுத்த நெடுஞ்சாலைத் துறை இறங்கியது. பாதையின் மலைப்பக்கம் பல இடங்களில் காப்புக்காட்டின் விளிம்பு. நிழல் தருகிற பழைய மரங்கள். மரம் வெட்டும் வேலை தொடங்கியதும் உள்ளூர்க்காரர்கள், ஆசிரமவாசிகள், வெளிநாட்டுப் பக்தர்கள் எனப் பலரும் எதிர்த்தார்கள். செய்தி பத்திரிகையில் வந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு அதைத் தானாகவே வழக்காக எடுத்து வேலையை நிறுத்தியது.

அரசுத் தரப்பின் வாதம் அற்பமானதல்ல. பௌர்ணமி இரவில் அந்தப் பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும்: வெறுங்காலோடு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவரை உரசிக்கொண்டு ஆட்டோ போகும். மூதாட்டிகள் உட்கார இடமிருக்காது. கழிப்பறை போதாது. அகலம் வேண்டும் என்று கேட்டவர்களில் பக்தர்களும் உண்டு. மரம் வேண்டும் என்றவர்கள் சொன்னதும் பக்தியின் பெயரால்தான்: நிழலில்லாத பாதை கிரிவலத்துக்கு என்னத்துக்கு? வெயிலில் தார்ச்சாலை சுடுவதை எந்தத் தீர்ப்பாயமும் நிறுத்த முடியாதே. இப்படி இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நின்றபோது, வாகனத்தை அந்தப் பாதையிலிருந்து அப்புறப்படுத்தி வேறு வழியில் திருப்புவது என்ற மூன்றாவது வழி கோப்பில் முதலிடம் பிடித்திருக்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறைக்குச் சாலை என்றால் வாகனம். அதன் கணக்கில் அகலம்தான் வரும். துறை அதன் இயல்புப்படி நடந்தது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளுக்கானது. சமவெளிச் சாலையோர மரத்துக்கு அப்படியொரு முழுமையான சட்டக்காவல் கிடையாது. அதனால்தான் அந்த விஷயம் தீர்ப்பாயத்தின் கருணையை நம்பி நிற்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகராட்சிகளின் மன்றங்கள் காலாவதியாயின. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஊரில் கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லை. தனி அலுவலர் ஆட்சி. கிரிவலம் ஊரின் வருமானமாகப் பெருகி, அடிவாரம் மனைகளாகப் பிரிந்துகொண்டிருந்த காலம் அது. கேள்வி கேட்க வேண்டிய நாற்காலிகள் காலியாக இருந்தன. நீதிமன்றத்துக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீதிமன்றத்துக்கு முன்னாலும் பாதை உண்டு. அது ஆபத்தான பாதை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்த பிறகு, சர்வே எண்ணைக் குறிப்பிட்டுக் கேள்வி கேட்கும் ஒரு புதுவகைக் குடிமகன் தமிழ்நாடு முழுக்க உருவானார். திருவண்ணாமலையில் அப்படிக் கேட்டவர்களில் ஒருவரான ராஜமோகன் சந்திரா 2012 ஜூலையில் ஊருக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நில விவகாரங்களை மனுக்களாலும் வழக்குகளாலும் துரத்திவந்தவர் அவர். தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்கள், உயிரிழந்தவர்கள் பற்றிய நாடளாவிய பட்டியல்களில் அவர் பெயர் இருக்கிறது. மலையடிவாரத்தில் நிலத்தின் விலை என்னவென்று சொல்ல இதைவிடப் பச்சையான அளவை இல்லை. ஆற்றுமணல், ஏரி, புறம்போக்கு என்று கேள்வி கேட்கிறவருக்கு ஊர்ப்பெரியவர்கள் சொல்லும் அறிவுரை இன்றும் ஒன்றுதான்: "உனக்கு எதுக்குப்பா இந்த வேலை?"

ஊருக்கு வெளியே நடந்த எதிர்ப்புகள் இன்னும் தெளிவானவை. திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள கவுத்திமலை, வேடியப்பன்மலை இரண்டிலும் இரும்புத்தாது எடுக்க ஜிண்டால் நிறுவனம் முயன்றபோது சுற்றுக் கிராமங்கள் திரண்டு எதிர்த்து அதை நிறுத்தின. 2023இல் செய்யாறு அருகே மேல்மா சிப்காட் தொழிற்பூங்கா விரிவாக்கத்துக்குச் சுமார் 3,000 ஏக்கர் நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். நவம்பரில் அவர்களில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்து, நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் ஆறு பேர்மீதான ஆணையை அரசு சில நாட்களிலேயே விலக்கிக்கொண்டது. கிராமத்தின் கையில் ஒரு கருவி இருந்தது: கிராம சபை. தீர்மானம் போடலாம், பதிவேட்டில் ஏற்றலாம், அதைக் கொண்டுபோய் நீதிபதி முன் வைக்கலாம். தீர்மானத்தை அரசு மதிக்காமல் போகலாம். ஆனால் இல்லையென்று சொல்ல முடியாது. நகரத்தில் வசிக்கிறவருக்கு அந்தக் காகிதம்கூடக் கிடையாது.

தமிழ்நாட்டில் நகரவாசிகளின் எதிர்ப்புக்குப் பாடநூல் உதாரணம் கொடைக்கானல். 1985இல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் குழு, பிளசன்ட் ஸ்டே ஓட்டலுக்காக அரசு விதிகளைத் தளர்த்தியதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. இரண்டு தளங்களுக்கு அனுமதி பெற்ற கட்டடம் ஏழு தளங்களாக உயர வழிசெய்த 1994ஆம் ஆண்டு ஆணையை 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதிலிருந்து பிறந்த ஊழல் வழக்கில்தான் 2000 பிப்ரவரியில் ஜெயலலிதாவுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அரசியல் பரபரப்பு எல்லார் நினைவிலும் இருக்கிறது. ஒரு மலையூரில் குடியிருந்த சிலர் வரைபடத்தையும் விதிப்புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு தளங்களை எண்ணியதிலிருந்து அது தொடங்கியது என்பது மறந்துபோயிற்று. ஆனால் இன்றைய கொடைக்கானலைப் பாருங்கள். அந்த ஒரு கட்டடம் தோற்றது. அதற்குப் பிறகு எத்தனையோ சிறிய கட்டடங்கள் வென்றிருக்கின்றன.

கோயிலூருக்கு இன்னும் பக்கத்து உதாரணம் வடலூர். சத்திய ஞான சபையின் பெருவெளியில் சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த நிலத்தை வள்ளலாருக்குக் கொடுத்தவர்களின் வழிவந்த பார்வதிபுரம் மக்கள், தோண்டிய குழிக்குள் இறங்கி நின்று ஏப்ரலில் மறித்தார்கள். வள்ளலார் கேட்டது வெட்டவெளி. அதை ஏன் கட்டடத்தால் நிரப்புகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. திட்டத்தை எழுதியவர்கள் வள்ளலாரின் பெருமைக்காகத்தான் எழுதியிருப்பார்கள். இடம் காலியாக இருப்பதே அதன் பயன் என்பதைத் திட்ட மதிப்பீட்டில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

திருவண்ணாமலைக்கும் அதே கேள்வி 2023இல் வந்தது. ராஜகோபுரத்துக்கு எதிரே வணிக வளாகம் கட்ட அறநிலையத் துறை திட்டமிட்டது. கோபுரத்தை மறைக்கும், கூட்டம் நிற்க இடமிருக்காது என்று எதிர்ப்பு எழுந்து, விஷயம் உயர் நீதிமன்றம் போய், வளாகம் நின்றது. கட்டடம் வராமல் போனதால் அங்கே என்ன வர வேண்டும் என்ற கேள்வி தீரவில்லை. சாலையோரத்தில் பூ, தேங்காய், விளக்கு விற்பவர்களுக்கு எங்கே இடம்? வளாகம் அவர்களுக்காகத்தான் என்று சொல்லப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் மாற்றாக எதையும் முன்வைக்கவில்லை. வழக்கின் இயல்பு அப்படி: நிறுத்து என்று கேட்க அதில் இடமுண்டு, இப்படிச் செய் என்று கேட்க இடம் குறைவு.

பிறகு 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயலின் மழை கொட்டிக்கொண்டிருந்த மாலையில் மலையின் ஒரு பகுதி சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மண்ணும் பாறையுமாக மூடியது. உள்ளே ஏழு பேர். ஐவர் குழந்தைகள். யாரும் பிழைக்கவில்லை. மேலே இன்னும் பெரும்பாறைகள் தொங்கிக்கொண்டிருந்ததால் மீட்புக்குழு பயந்து பயந்துதான் தோண்ட வேண்டியிருந்தது. அடுத்த சில நாட்களில் மண்ணியல் வல்லுநர்கள் வந்து மலையைப் பார்த்தார்கள். டிசம்பர் 13 தீபத்தன்று பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு ஆக்கிரமிப்பு என்ற சொல் ஊரெங்கும் ஒலித்தது. 'யானை' ராஜேந்திரன் என்ற வழக்கறிஞர் மலையிலும் நீர்நிலைகளிலும் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றக் கோரி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் நீதிமன்றம் ஒரு குழுவையும் அமைத்தது. இவரே தொடுத்த இன்னொரு வழக்கில்தான் 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, தமிழ்நாட்டின் ரியல் எஸ்டேட் மாதக்கணக்கில் உறைந்து கிடந்தது.

ஆனால் வ.உ.சி. நகர் போன்ற தெருக்களில் வசிப்பவர்கள் யார்? கோயிலையும் கடைவீதியையும் நம்பி அன்றாடம் பிழைக்கிறவர்கள். ஊருக்குள் வாடகை கொடுக்க முடியாமல் சரிவில் ஏறியவர்கள். வீட்டுவரி கட்டியிருப்பார்கள், மின் இணைப்பு இருக்கும், குடிநீர்க் குழாய் இருக்கும், தேர்தலுக்கு வாக்குச்சாவடி இருக்கும். பட்டா மட்டும் இருக்காது. மலையைக் காப்பாற்ற வேண்டும் என்ற கோரிக்கை முதலில் இடிக்கத் தேடிப்போகிற வீடு இவர்களுடையது. ஓடையை வாங்கி, வகைமாற்றம் செய்து, முறையாக அனுமதி பெற்ற விடுதி ஆக்கிரமிப்பு என்ற வரையறைக்குள்ளேயே வராது. அது காகிதத்தில் சுத்தமாக இருக்கிறது. சுற்றுச்சூழல் போராட்டங்களின் குருட்டுப்புள்ளி இது என்று நினைக்கிறேன். சட்டத்தை மீறியவனை நோக்கி விரல் நீட்டுவது எளிது. சட்டம் எதை அனுமதிக்கிறது என்று கேட்பது கடினம்.

சட்டம் எதையெல்லாம் அனுமதித்தது என்பதை ஒருமுறை பார்த்துவிடலாம். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113ஏ என்ற பிரிவு சேர்ந்தது: விதியை மீறிக் கட்டியவர்கள் 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டியிருந்தால் பணம் கட்டி வரைமுறைப்படுத்திக்கொள்ளலாம். சென்னையில் இயங்கும் நுகர்வோர் அமைப்பொன்று இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனது. ஒரே ஒரு முறைக்கான சலுகை என்ற அளவில் நீதிமன்றம் 2000இல் அதை ஏற்றது. அந்த ஒரே முறை பிறகு மீண்டும் மீண்டும் வந்தது. 2012இல் 113சி வந்து, 2007 ஜூலை 1 வரை கட்டியவர்களுக்கு வழி திறந்தது. மனைகளுக்கு 2017 விதிகள்: 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்தவை வரைமுறையாகலாம். விண்ணப்பிக்கும் கெடு எத்தனையோ முறை நீட்டிக்கப்பட்டது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர் சுயசான்று கொடுத்தால் இணையத்தில் உடனே அனுமதி. நடுத்தரக் குடும்பம் அலுவலகப் படி ஏறி லஞ்சம் கொடுத்துச் சாக வேண்டாம் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மலையடிவாரத்தில் அந்த மனை ஓடைத்தடத்தில் இருக்கிறதா என்று இனி யார் வந்து பார்ப்பார்?

ஒவ்வொரு அனுமதியையும் தனியாகப் பார்த்தால் குற்றம் இல்லை. ஒரு வீடு, ஒரு மாடி, ஒரு போர்வெல், ஒரு சிமெண்ட் முற்றம். மலையில் விழுந்த மழை முன்பு ஓடைகளாகப் பிரிந்து, தீர்த்தக் குளங்களில் தங்கி, மறுகால் பாய்ந்து வேங்கிக்கால், சமுத்திரம், நொச்சிமலை ஏரிகளுக்குப் போனது. கிரிவலப் பாதையின் தீர்த்தங்களுக்குப் புராணம் சொன்னவர்கள் நீரியலும் தெரிந்தவர்கள். இப்போது அதே நீர் தெருவில் ஓடுகிறது. இதில் யாரை எதிர்த்து மனுப் போடுவது? எதிர்மனுதாரர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். மனுதாரரின் வீடும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

எதிர்ப்பைத் தவிர வேறொன்றும் இங்கே நடந்திருக்கிறது. அதை அவ்வளவாக யாரும் போராட்டம் என்று எண்ணுவதில்லை. ஒரு காலத்தில் மொட்டையாக நின்ற மலையில் 1980களின் இறுதியிலிருந்து உள்ளூர்க்காரர்களும் வெளியிலிருந்து வந்து தங்கியவர்களும் சேர்ந்து மரம் நடுகிறார்கள். கோடையில் புல் பற்றிக்கொண்டால் தன்னார்வலர்கள் இரவில் மேலேறித் தீயை அடிக்கிறார்கள். கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். வனத்துறையோடு சண்டைபோட்டும் சேர்ந்தும் வேலை செய்யக் கற்றுக்கொண்டவர்கள் இவர்கள். வருடாவருடம் திரும்பச் செய்ய வேண்டிய வேலை இது, செய்தியாகாது. ஆனால் பாதையோர மரங்களுக்காக 2016இல் இவ்வளவு பேர் குரல் கொடுத்ததற்குப் பின்னணியில், மலை பச்சையாவதைக் கண்ணால் பார்த்த கால் நூற்றாண்டு இருந்தது.

வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் ஊர் விஷயத்தில் ஏன் தலையிட வேண்டும் என்ற முணுமுணுப்பும் உண்டு. அது முழுக்கப் பொய்யுமல்ல. மலை தெரியும் வீட்டை முதலில் கட்டிக்கொண்டவர், இரண்டாவதாகக் கட்ட வருகிறவரை எதிர்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது. பாதையில் அமைதி வேண்டுமென்று கேட்பவருக்கும் அந்தப் பாதையில் டீக்கடை வைத்துப் பிழைப்பவருக்கும் நலன்கள் வேறு. இந்த முரணை மறைத்துவிட்டு 'ஊர் மக்கள் எதிர்ப்பு' என்று தலைப்புப் போடுவதைவிட, அதை ஒரு மேசையில் வைத்துப் பேசுவது நல்லது. அப்படிப் பேச இடம் எது?

இடம் சட்டத்தில் இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகரத் திட்டமிடலை நகராட்சியின் வேலைகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் அது இன்றும் பெரும்பாலும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் வேலை. மன்றம் சாலை, சாக்கடை, குப்பையோடு நின்றுவிடுகிறது. வார்டு குழு, பகுதி சபா ஆகியவற்றுக்கான விதிகள் 2022இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல் பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. பகுதி சபாப் பிரதிநிதிகளை மன்றமே நியமிக்கிறது என்பதால் அது கவுன்சிலரின் வேண்டியவர்கள் கூட்டமாகிவிடும் என்ற சந்தேகம் நியாயமானது. கிராம சபைக்கு வாக்காளர் எல்லாரும் உறுப்பினர். பகுதி சபாவில் நியமனம் குறுக்கே வருகிறது.

இந்த வேறுபாடு திருவண்ணாமலையில் இப்போது ஏட்டளவில் இல்லை. மாநகராட்சி என்றால் சுற்றியுள்ள ஊராட்சிகள் உள்ளே வருகின்றன. வேங்கிக்கால் போன்றவை ஏற்கெனவே நகரத்தின் நீட்சிதான், ஆட்சியர் அலுவலகமே அங்கேதான் இருக்கிறது. இப்படிச் சேர்க்கப்படும் கிராமங்களில் தமிழ்நாடு முழுக்க எழுகிற எதிர்ப்பு இரண்டு காரணங்களைச் சொல்கிறது: வரி கூடும், நூறு நாள் வேலை போகும். மூன்றாவது இழப்பை யாரும் முழக்கமாக எழுப்புவதில்லை: கிராம சபை போகும். மலையின் மறுபக்கத்து அடிவாரம், இன்னும் வயலும் ஏரியுமாக மிச்சமிருக்கிற பக்கம், ஊராட்சிகளாக இருக்கிறது. கட்டடம் அடுத்து அங்கேதான் போகும்.

மாநகராட்சியான ஊருக்குப் புதிய எல்லைகளோடு முழுமைத் திட்டம் வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி வரைவுத் திட்டத்தை அறிவித்து, ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுத்தாக வேண்டும். மலை, ஓடை, பாதை, கோபுரம், வீடு எல்லாம் ஒரே வரைபடத்தில் வருகிற ஒரே சந்தர்ப்பம் இது. துறை வாரியாகப் பிரிந்து கிடக்கிற மலை அந்த ஒரு தாளில்தான் ஒன்றாகிறது. அடிவாரத்துக்கு உயர வரம்பு, ஓடைகளுக்கு இருபக்கமும் கட்டாத இடம், சரிவில் வசிப்பவர்களுக்கு ஊருக்குள்ளேயே மாற்று வீடு, பௌர்ணமி வாகனங்களுக்குப் புறவழி என்று நான்கும் அங்கே கேட்கப்பட வேண்டியவை. அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழின் உள்பக்கத்தில் சிறு எழுத்திலும் வரும். அலுவலகத்தில் வரைபடம் மாட்டியிருக்கும்; சர்வே எண்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவில் இருக்கும். பொதுவாக 'மலையைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதிய ஆட்சேபம் 'பரிசீலிக்கப்பட்டது' என்ற ஒரு சொல்லோடு முடியும். 'இந்தச் சர்வே எண் வருவாய்ப் பதிவேட்டில் ஓடை. உங்கள் வரைபடத்தில் குடியிருப்பு' என்று எழுதியதற்கு அப்படி முடிக்க முடியாது. மறுத்தால் காரணம் எழுத வேண்டிவரும், அந்தக் காரணத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். எனவே மலையடிவாரத்தில் யாருக்காவது இதில் அக்கறையிருந்தால், தத்தம் தெருவுக்கான 'அ' பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து இப்போதே வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. அறிவிப்பு வந்த பிறகு விண்ணப்பித்தால் நகல் கைக்கு வருவதற்குள் அந்த இரண்டு மாதம் முடிந்துவிடும்.